சலவை சோடா

ஒளியுணர்வு குறைந்த கறுப்பு வெள்ளை பிலிமை, கடை ரசாயனத்துக்குப் பதிலாக முதல்முறையாகக் காபித்தூளும் சலவை சோடாவும் கலந்த தண்ணீரில் கழுவிப் பார்க்கலாம் என்று இன்று காலை குளியலறையில் உட்கார்ந்தேன். சோடா கரைந்ததும் காபி மணம் செத்து, ஊறப்போட்ட துணியின் வாடை எழுந்தது.

அது எங்கள் பாலக்கரை வீட்டுக் கொல்லையின் வாடை. இன்று அடுக்குமாடிக்காரர்களின் கார்கள் நிற்கிற அந்த இடத்தில், அடிகுழாய் கீச்சிடுவதும் அம்மா துணியை அடித்துத் துவைப்பதும் மதிய லுஹர் பாங்கும் ஒன்றோடொன்று கலந்து கேட்க, துவைகல்லிலிருந்து சோடாத் தண்ணீர் வழுவழுவென்று ஓடிக்கொண்டே இருக்கும். சவூதியிலிருந்து லீவில் வந்திருந்த அத்தா, முக்கொம்பில் எங்களைப் படம் பிடித்த பிலிம் ரோலை அலமாரியில் வைத்து, “நாளைக்குக் கழுவக் குடுக்கணும்” என்றார். ஆறு வயதில் எனக்குக் கழுவுவதென்றால் ஒன்றுதான். ரோலை முழுக்க உருவி, சோடா போட்டுத் தேய்த்து, கொடியில் காயவும் போட்டேன். வெளிச்சம் பட்டு எல்லாம் போயிற்று. அத்தா திட்டவில்லை. படமில்லாமலே விமானம் ஏறினார்.

இன்று கழுவி முடித்த ஈரச் சுருளை ஜன்னலோரம் பிடித்தேன். அதே முக்கொம்பு மதகருகே, போன வாரம் நான் எடுத்த அத்தா. நெகட்டிவ் என்பதால் அவருடைய வெள்ளைத் தாடி கன்னங்கரேலென்று இருந்தது, அந்த லீவில் இருந்ததைப்போல.

“என்னம்மா கலந்தே?” என்று எட்டிப் பார்த்தார்.

“காபித்தூளும் சலவை சோடாவும், அத்தா.”

சிரித்தார். “அப்ப அன்னிக்கு நீ சரியாத்தான் கழுவியிருக்கே. காபித்தூள்தான் போடல.”