குண்டனை அடித்த நாட்கள்

திருப்பி அடிக்காத ஒருத்தனை அடிப்பதில் ஒரு சுகம் இருக்கிறதே, அது பொல்லாதது. குன்றத்தூரில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில், ஒரு பன்ச்சிங் பேக்கைத் தொங்கவிட்டிருந்தேன். கடையில் வாங்கியது இல்லை. பழைய ரெக்சினைத் தைத்து, உள்ளே கிழிசல் துணியும் மணலும் திணித்து நானே செய்த மூட்டை. ஒரகடத்தில் கார் கதவுகளுக்குத் தகடு அடிக்கும் கம்பெனி ஒன்றில், பிரஸ் ஷாப்பில், மெயின்டனன்ஸ் வேலை எனக்கு. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினால் சோறெல்லாம் அப்புறம்தான். நேராக மாடிக்குப் போய் மூட்டையைப் போட்டுச் சாத்துவேன். மூக்கில் ஒன்று, தாடையில் ஒன்று, வயிற்றில் நாலைந்து. மூட்டைக்கு ஏது மூக்கு என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரிந்தது. அது என் மூக்கு.

பழைய நான். குண்டாக இருந்த நான். அப்போதெல்லாம் நான் பஸ்ஸில் ஏறும்போதே பின் சீட்டிலிருந்து ஒருத்தன் கத்துவான்: "டிரைவர்ணா, டயர்ல காத்து பாத்துக்கோ, ஆளு ஏறுறான்!" பஸ்ஸே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, கூடச் சேர்ந்து நானும் சிரித்தேனே! ஒரு வருடம் கம்பெனி மெடிக்கல் செக்கப்பில் எடை மெஷின்மேல் ஏறி நின்றேன். வரிசையில் பின்னால் நின்றவன் அதே ஆள்தான். "ஓவர்லோடுடா மச்சி, அலாரம் அடிக்கப் போவுது" என்றான். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பி விட்டேன் ஒன்று. பின்னால் நின்ற வரிசையோடு சேர்ந்து சாய்ந்தான். உதடு கிழிந்து, யூனிஃபார்ம் சட்டையெல்லாம் ரத்தம். ஆபீஸில் கூப்பிட்டுக் கிழி கிழியென்று கிழித்து, இனிமேல் இப்படி நடந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்றேன். எவனையோ அடித்துவிட்டேனே, அடிக்க வேண்டியவன் இதோ நிற்கிறான் என்று தோன்றியது. அந்த வாரமே மூட்டை தொங்கியது.

அடித்த அடியில் ஆள் கரைந்தேன். பேன்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புது ஓட்டை போட்டேன். பஸ்ஸில் பின் சீட்டு வாயை மூடிக்கொண்டது. சந்தோஷப்பட்டு அதோடு விட்டிருக்க வேண்டும். எங்கே விட்டேன்! வீக்லி ஆஃப் வந்தால் மற்றவர்கள் கறி எடுக்கப் போவார்கள், தூங்குவார்கள். நான் விடிவதற்குள் மலைக்கோயில் படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பேன். பால்குடம் எடுத்து வந்த அம்மாக்கள் "சாமிய பாக்க வந்தியா, சண்டைக்கு வந்தியா? தள்ளிப் போப்பா" என்று திட்டினார்கள். கால் மணி நேரம் கூடுதலாகப் படுத்திருந்தால் போதும், வயிற்றில் கொழுப்பு ஊர்ந்து வருவது போலிருக்கும். கிள்ளிப் பார்ப்பேன். சதை சிவக்கக் கிள்ளுவேன். காய்ச்சலில் உடம்பு கொதித்த நாளிலும் மூட்டைக்கு அடி விழுந்தது. தகடு அடிக்கும் பிரஸ் மெஷினை வாரத்தில் ஒரு நாள் நிறுத்திப் பார்க்காவிட்டால் போயே போய்விடும் என்று புரொடக்‌ஷன்காரர்களோடு மல்லுக்கு நின்றவன் நான்தான். அது இரும்பு, இது உடம்புதானே என்று நினைத்துவிட்டேன் போல.

என் மனைவி அதே ஒரகடத்தில் பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கும் வேறொரு கம்பெனியில் ஆபரேட்டர். ஒருநாள் தட்டில் ஒரு கரண்டி சோறு கூடுதலாக வைத்துவிட்டாள். தட்டைத் தூக்கி எறிந்தேன். சுவரெல்லாம் சாம்பார். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. அவள் விட்டெறிந்த சொம்பு என் காதை உரசிக்கொண்டு போய் பீரோவில் மோதியது. பள்ளம் இன்னும் இருக்கிறது. "சோத்த எறிஞ்ச கைய ஒடிச்சி அடுப்புல வெச்சிடுவேன்" என்றாள்.

அவள் ஒடிக்கவில்லை. நானே ஒடித்துக்கொண்டேன்.

தொடர்ந்து ஓ.டி. பார்த்து உடம்பு துவண்டிருந்த சமயம். ஆஃப் நாளில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய், பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டேன். நன்றாக இருந்தது, இன்னொரு தடவையும் வாங்கினேன். திரும்பி வரும் வழியெல்லாம் வண்டி ஓட்டிக்கொண்டே என்னை நானே கெட்ட வார்த்தையில் திட்டினேன். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மாடி. கைக்குத் துணிகூடச் சுற்றவில்லை. தின்றாயா, இந்தா வாங்கிக்கொள் என்று குத்தினேன். மூட்டை ஆடித் திரும்பி வந்த வேகத்தில் கை கோணலாகப் போய் இறங்கியது. மளுக்கென்று ஒரு சத்தம். அப்படியும் நிறுத்தவில்லையே பாவி, அதே கையால் இன்னும் இரண்டு குத்து விட்டேன். மூன்றாவதற்குக் கண் இருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "கட்டை விரலுக்குக் கீழ முந்திரிப் பருப்பு சைஸ்ல ஒரு எலும்பு இருக்கு தம்பி. அதுல விரிசல். இந்த எலும்புக்கு ரத்தம் போற வழி ரொம்பக் குறைவு. ஆட்டி ஆட்டி அதையும் கெடுத்தீங்கன்னா எலும்பு செத்துடும். அப்புறம் இந்தக் கையால ஸ்பேனர் புடிக்க முடியாது."

"என்ன டாக்டர் பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணக்கூடாது. சும்மா இருக்கணும். அதான் வைத்தியம்."

கட்டை விரலையும் சேர்த்து முழங்கை வரை மாவுக்கட்டு போட்டார். மெடிக்கல் லீவு. ஸ்பேனர் பிடிக்காத கைக்கு பிரஸ் ஷாப்பில் வேலை இல்லை என்பது எனக்குத் தெரியும், என் மனைவிக்கும் தெரியும். இனி தினமும் வீக்லி ஆஃப்! அவள் வேலைக்குப் போனதும் வீடு என்னைப் பார்த்து முறைத்தது. சும்மா உட்கார்ந்து தின்கிறாயா தடியா என்று உள்ளே ஒருத்தன் ஓயாமல் கேட்டான். உதைத்தேன், மூட்டையைக் காலால் உதைத்தேன். இடது கையால் குத்தினேன். இடது கையால் குத்தினால் வலது கையும் அதிர்கிறது, சுருக்கென்று ஏறுகிறது. ஏறட்டும், உனக்கு வேண்டும் என்று இன்னும் குத்தினேன். ஒருநாள் வெறி தலைக்கேறி, கையை வாளித் தண்ணீரில் ஊறவைத்து, மாவுக்கட்டைக் காய்கறி வெட்டும் கத்தியால் அறுத்து, பிய்த்து எறிந்தேன். தோலும் சேர்ந்து அறுந்தது. வேலை முடிந்து வந்தவள் பாத்ரூம் தரையில் கிடந்த வெள்ளைச் சேற்றையும் ரத்தத்தையும் பார்த்துவிட்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். சொம்பு எறிகிறவள், துடைப்பத்தை எடுத்துத் தரையைக் கழுவினாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

டாக்டர் மறுபடி கட்டினார். "விரிசல் பெருசாயிருக்கு. இன்னொரு தடவை இப்படிப் பண்ணிட்டு வந்தா என்னால ஆகாது" என்று என்னிடம் சொல்லாமல் அவளிடம் சொன்னார்.

மறுநாள் அவளுக்கு வீக்லி ஆஃப். காலையில் எழுந்து மாடிக்கு ஏறினேன். படிக்கட்டு முடியும் இடத்திலிருந்த கிரில் கதவில் சங்கிலி சுற்றி, சிவப்புப் பூட்டு ஒன்று தொங்கியது. கூடவே ஓர் அட்டை. அட்டையில் என் மனைவியின் போட்டோ, தலையை வழித்து வாரி, முறைத்துக்கொண்டு. கீழே அச்சில்: ஆபத்து. தொடாதே. உள்ளே ஆள் இருக்கிறார்.

அந்தப் பூட்டு என்னவென்று எங்கள் பக்கத்தில் கம்பெனிக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். மெஷினை நிறுத்திவிட்டு உள்ளே நுழைகிறவன், மெயின் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டு, தன் போட்டோவை மாட்டி, சாவியைத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டுதான் நுழைவான். போட்டவனைத் தவிர வேறு யாரும் அதில் கை வைக்கக்கூடாது, முதலாளியே ஆனாலும். எங்கள் பிரஸ் ஒரு மாடி வீட்டு உயரம். மேலிருந்து இறங்கி ஒரே அடி, தகடு கதவாகிவிடும். நடுவில் ஆள் இருந்தால் ஆளும் தகடுதான்.

ஒரு தடவை நான் உள்ளே பாதி உடம்பை நுழைத்து எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்தேன். தற்செயலாகத் தலையை வெளியே நீட்டினால், புரொடக்‌ஷன் ஆள் ஒருத்தர் அவசரம் தாங்காமல் என் பூட்டை வெட்ட போல்ட் கட்டரை வைத்து நெரித்துக்கொண்டிருக்கிறார். "உள்ள எவனும் இல்ல, சாவிய எங்கியோ தொலைச்சிட்டானுங்க" என்று பக்கத்தில் இருப்பவனிடம் சொல்கிறார். எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூணில் முட்டினேன், முட்டினேன், நாலு பேர் வந்து பிய்த்தெடுக்கும் வரை முட்டினேன். அந்த அடிக்கு மட்டும் கம்பெனியில் ஒருத்தரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது நான் கீழே போய் என் டூல்ஸ் பெட்டியிலிருந்து போல்ட் கட்டரை எடுத்து வந்தேன். வலது கையில் கட்டு இருந்ததால் ஒரு கைப்பிடியை இடுப்பில் முட்டுக் கொடுத்து, மறு கைப்பிடியை இடது கையால் பிடித்து, கட்டரின் வாயைப் பூட்டின் வளையத்தில் வைத்தேன்.

பின்னால் படியில் அவள். கையில் துடைப்பம். "வெட்டு" என்றாள். "வெட்டுவியா? எங்க, வெட்டு பாக்கலாம்."

"பூட்ட எடுடி. மரியாதயா எடு."

"எடுக்க மாட்டேன். எங்க கம்பெனில புதுப் பூட்டு குடுத்துட்டாங்க, இது பழசு, ஸ்டோர்ல கேட்டு அப்பவே எடுத்தாந்தேன். சாவி என்கிட்டதான் கீது. என் போட்டோ போட்டுக் கீது. வெட்டு."

"உள்ள எவன் கீறான், இத்த மாட்டி வெச்சிருக்க? வெறும் மொட்ட மாடி! அட்டைல எழுதிட்டா ஆளு வந்துடுவானா?"

"கீறாரு."

"யாருடி?"

"குண்டா ஒருத்தரு." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "நான் கட்டிக்கினது அவரத்தான்யா. மழைல வண்டி நின்னுப் போச்சின்னா தள்ளிக்கினே பாட்டு பாடுவாரு. என் தட்டுல கீறதயும் சேத்துத் துன்னுட்டுச் சிரிப்பாரு. அவரத் தொங்கவுட்டு டெய்லி இந்த அடி அடிக்கிறியே, அவரு இன்னாய்யா பண்ணாரு உன்ன? கைய ஒடிச்சிக்கினு அடிக்கிற அளவுக்கு இன்னா பண்ணாரு?"

கட்டர் நழுவிப் படிப்படியாகத் தடதடத்துக்கொண்டு கீழே போய் விழுந்தது. கீழ் வீட்டிலிருந்து "இன்னாம்மா சத்தம்?" என்று கேட்டார்கள். "ஒண்ணும் இல்லக்கா, சாமான் வுழுந்துச்சி" என்று அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பதில் சொன்னாள். நான் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். சத்தம் போட்டு, சின்னப்பிள்ளை மாதிரி. பஸ் முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்த காலத்தில், வீட்டில் ஒருத்திக்கு அந்தக் குண்டனைப் பிடித்திருந்தது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

அன்றைக்கு ஹாலில் பாய் போட்டுப் படுத்தேன். படுப்பது என்ன அவ்வளவு லேசான காரியமா? எழுந்திருடா, ஊதுகிறாய் பார் என்று உள்ளே இருந்தவன் கத்தினான். குதிகாலால் தரையை உதைத்தேன். பல்லைக் கடித்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எப்போது தூங்கினேன் என்று தெரியாது. எழுந்தபோது பொழுது சாய்ந்திருந்தது, வாயோரம் எச்சில் வழிந்திருந்தது. அவ்வளவு அடித்துப் போட்ட உடம்பு, அதற்கு எவ்வளவு தூக்கம் பாக்கி இருந்திருக்கும்!

கட்டு அவிழ்த்த அன்று டாக்டர் கட்டை விரல் அடிக்குழியில் அழுத்தி அழுத்திப் பார்த்தார். வலி இல்லை. எலும்பு சேர்ந்துவிட்டது, சாகவில்லை. மணிக்கட்டு முன்போல மடங்க மாட்டேன் என்கிறது, ஆனால் ஸ்பேனர் பிடிக்கிறது. பிரஸ் ஷாப்பில் அதே வேலையில்தான் இருக்கிறேன். கிரில் கதவை அவளே திறந்துவிட்டாள். வாரத்தில் சில நாள் போய்க் குத்துகிறேன், வியர்த்ததும் இறங்கிவிடுகிறேன். ஆஃப் நாளில் மாடிப் பக்கமே போவதில்லை. போகாமலிருக்க இன்னும் பல்லைக் கடிக்க வேண்டித்தான் இருக்கிறது, பொய் சொல்வானேன்.

போன வீக்லி ஆஃபில் மதியம் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்குக் கீழே மல்லாந்து கிடந்தேன். வயிறு கொஞ்சம் திரும்பப் போட்டிருக்கிறது. அவள் வந்து அதன்மேல் தலையை வைத்துப் படுத்தாள். பழக்க தோஷம், மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுத்தேன். அவள் தலை பொத்தென்று இறங்கியது. படீரென்று வயிற்றில் ஒரு அறை வைத்தாள்.

"யோவ், ஆடாத. இப்பத்தான் திரும்பி வந்துக்கீறாரு. தொரத்தாத."

மூச்சை விட்டேன்.