ஒரு ஜீப்பை எடை போட்டோம்

போன வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரு ஜீப்பை எடை போட்டேன்.

சிரிக்காதீர்கள். நிஜமாகவே எடை மேடையில் ஏற்றி நிறுத்தி, கிலோ கணக்கில், சீட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். சட்டையை வெளுக்கப் போடும்போது என் மனைவி பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்துப் பார்த்தாள். "ஆயிரத்து இருநூத்து நாப்பது கிலோவா? எதை வாங்கித் தொலைச்சீங்க?" என்றாள். பயந்துவிட்டாள், பாவம்.

இத்தனைக்கும் இந்த விவகாரத்தில் என்னை இழுத்துவிட்டதே அவள்தான்.

எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர் எஸ்தர். முசரவாக்கத்திலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் கேனோடு வந்து இறங்குவார். நாலு எருமை வைத்திருந்தார். சமீபத்தில் ஒருநாள், இனிமேல் அரைப் படிதான் ஊற்ற முடியும், இரண்டு எருமையை விற்றாகிவிட்டது என்றார்.

"ஏம்மா, என்ன கஷ்டம்?" என்று கேட்டேன்.

"கஷ்டம்லாம் ஒண்ணும் இல்ல சார். ஜீப்பு வாங்கப் போறோம்."

கையில் இருந்த காபியை நான் கீழே வைத்துவிட்டேன்.

எஸ்தரின் கணவர் தேவசகாயம், ஐயம்பேட்டையில் ஒரு ரைஸ் மில் முதலாளியிடம் பன்னிரண்டு வருஷமாக டிரைவர். முதலாளியின் பழைய மிலிட்டரி ஜீப்பை ஓட்டுவதுதான் வேலை. உலக யுத்தம் முடிந்தபின் ஏலத்தில் விட்டார்களே, அந்த ரக வண்டி. ஏரிக்கரை, களத்துமேடு, முழங்கால் சேறு... எதற்கும் அசராது. ஆனால் பெட்ரோல் விற்கிற விலையில் இதைக் கட்டிக்கொண்டு அழ முடியாது என்று முதலாளியின் பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். ஒரு சின்னக் கார் வாங்கி, அதை அவர்களே ஓட்டுகிறார்கள். ஜீப் போனால் டிரைவருக்கு அங்கே என்ன வேலை?

எஸ்தர் உட்கார்ந்து அழவில்லை. எருமையை விற்றார். ஜீப்பை நாமே வாங்கிவிடலாம், பஸ் போகாத கிராமங்களிலிருந்து காலையில் பால் கேன், அப்புறம் காய்கறி மூட்டை, மழைக்காலத்தில் ஆள்கள் என்று ஓட்டிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டுவிட்டார். முதலாளி சொன்ன விலை நாலாயிரத்து ஐந்நூறு. இவர்கள் கையில் இருந்தது மூவாயிரத்து ஐந்நூறு. அதற்குள்ளேயே டயரும் வாங்கியாக வேண்டும். திங்கட்கிழமை மெட்ராஸிலிருந்து ஒருவர் வண்டியைப் பார்க்க வருகிறாராம். அவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டால் தீர்ந்தது கதை.

"எங்க வூட்டுக்காரருக்கு மொதலாளி எதிர்ல வாயே வராது சார். அவரு நாலாயிரத்து ஐந்நூறுன்னா இவரு சரிங்கன்னு கும்புட்டு வந்துடுவாரு. நீங்க வந்து பேசுங்க சார். உங்களுக்குப் பேரம் நல்லா வரும்னு அம்மா சொன்னாங்க."

அம்மா என்றால் என் மனைவி. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் என்னிடம் நேரில் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. பால்காரம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்! மறுக்க மனசு வருமா?

என் லட்சணம் எனக்குத் தெரியும். நான் குடைக்கும் கத்தரிக்காய்க்கும் பேரம் பேசுகிறவன். ஜீப்பில் எது முன்பக்கம் என்று கண்டுபிடிப்பேன்... அவ்வளவுதான். அதனால் என் மைத்துனன் கோபாலையும் துணைக்கு அழைத்துக்கொண்டேன்.

கோபால் காந்தி ரோட்டில் ஒரு பட்டு ஜவுளிக் கடையில் இருக்கிறான். நெசவாளிகள் கொண்டுவரும் சேலைக்கு விலை போடுவது அவன்தான். சேலை வந்ததும் முதலில் தராசில் வைப்பான். பட்டு எவ்வளவு, ஜரிகை எவ்வளவு, கூலி எவ்வளவு என்று மூன்றையும் கூட்டுவான். அப்புறம் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பார்ப்பான். அதற்கப்புறம்தான் கலர், டிசைன் எல்லாம். அவன் வாயிலிருந்து விலை வந்துவிட்டால் மறுபேச்சு கிடையாது என்பார்கள்.

"ஜீப்புன்னா மட்டும் இன்னா மாமா? அதுவும் சரக்குதான். நான் பாத்துக்கறேன்," என்றான்.

மில் ஷெட்டில் ஜீப் நின்றது. முதலாளி அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எழுபது வயதுக்குப் பருத்த உடம்பு, பெரிய குரல். எங்களுக்கும் நாற்காலி வந்தது. எஸ்தர் ஒரு நெல் மூட்டைமேல் உட்கார்ந்தார். தேவசகாயம் மட்டும் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தூண் ஓரமாக நின்றார்.

"நல்லா பாருங்க. அத்தனையும் இரும்பு. இப்ப வர்ற வண்டிங்க மாதிரி தகர டப்பா இல்ல," என்றார் முதலாளி.

கோபால் வண்டியை மூன்று தடவை சுற்றினான். பெயின்ட்டை நகத்தால் சுரண்டினான். சீட்டுத் துணியை இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து கேட்டான்:

"வெயிட்டு எவ்ளோ?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"ஏம்பா, ஜீப்புக்கு எவனாச்சும் வெயிட்டு கேப்பானா?"

"வெயிட்டு தெரியாம வெல எப்படி சார் போடறது?"

ஸ்டியரிங்குக்கு அந்தப் பக்கம் ஒரு தகடு இருந்தது. அதில் வண்டியின் எடையை பவுண்டில் பொறித்திருந்தார்கள். கோபால் ஒரு பீடிக்கட்டுக் காகிதத்தில் அதைக் கிலோவாக மாற்றினான். ஆயிரத்து நூற்றுப் பத்து சொச்சம். "இது அப்ப இருந்தது. இப்ப எவ்ளோன்னு பாக்கணும்," என்றான்.

வாலாஜாபாத் ரோட்டில் லாரிகளை நிறுக்கிற எடை மேடை ஒன்று இருக்கிறது. தேவசகாயம் வண்டியை எடுத்தார். ஏறும்போது எங்களுக்குக் கை கொடுத்தார். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. எடை மேடைக்கு வெளியே சரிவில் நிறுத்தினதும், குதித்து இறங்கி ஒரு கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் வைத்தார். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். பார்த்துவிட்டு, ரொம்பப் பொறுப்பான மனுஷன் என்று பாராட்டினோம்!

"லோடு எங்க?" என்றார் எடை மேடைக்காரர்.

"லோடு இல்ல. வண்டிதான்."

அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஆளில்லாத வெறும் வண்டியை நிறுத்துச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஆயிரத்து இருநூற்று நாற்பது. தகட்டில் இருந்ததைவிட நூற்று முப்பது கிலோ கூடுதல்.

கோபாலின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "மாமா, கஞ்சி!" என்று கத்தினான். சேலைக்குக் கஞ்சியை ஏற்றி எடையைக் கூட்டுகிற ஆசாமிகள் உண்டாம். அவர்களைப் பிடித்துப் பிடித்துப் பழகினவன். ஜீப்பிலும் யாரோ எதையோ ஏற்றியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டான்.

ஷெட்டுக்குத் திரும்பியதும் வெள்ளை வேட்டியோடு வண்டிக்கு அடியில் படுத்துவிட்டான். டார்ச் வெளிச்சம் இங்கும் அங்கும் ஓடியது. இரண்டு நிமிஷத்தில் குரல் வந்தது.

"ரெண்டு பக்கமும் இரும்புச் சட்டம் வெச்சு வெல்டிங் பண்ணிக்கீது! மேல பிளேட்டு வேற! சேஸிஸ், வண்டிக்கு முதுகெலும்பு மாதிரி, அதே ஒடஞ்ச வண்டி மாமா இது!"

முதலாளி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "யாருய்யா ஒடஞ்ச வண்டின்றது? என் வண்டியில எவன் வெல்டிங் வெச்சான்?" என்று இரைந்தார். நடிப்பில்லை. மனுஷருக்கு நிஜமாகவே தெரியவில்லை. ஷெட்டில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

தூண் ஓரத்திலிருந்து மெல்லிசாக ஒரு குரல்.

"நான்தாங்க வெச்சேன்."

தேவசகாயம்!

"நாலு வருசம் ஆச்சுங்க. தென்னேரி ஏரிக்கரையில பள்ளத்துல எறங்கனப்ப சேஸிஸ்ல விரிசல் உட்டுச்சுங்க. நீங்க திருப்பதி போயிருந்தீங்க. நீங்க வர்றதுக்குள்ள வெல்டிங் வெச்சு முடிச்சுட்டேன்."

"யார் காசுடா?"

"என் காசுதாங்க."

மூட்டைமேல் இருந்த எஸ்தர் சட்டென்று எழுந்தார். "அதான் அந்த வருசம் கிறிஸ்மஸுக்கு யாருக்கும் துணி எடுக்கலியா? சீட்டுப் பணம் தொலஞ்சுபோச்சுன்னு சொன்னியே!"

தேவசகாயம் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குச் சிரிப்பதா, அந்த மனுஷனைக் கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை.

கோபால் கிரீஸ் வேட்டியோடு வெளியே வந்தான். "ஏன்யா, இவ்ளோ தெரிஞ்சவரு எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கலியே சார். அதுவும் இல்லாம, மொதலாளி வண்டிய மொதலாளி எதிர்லயே எப்படி சார் கொற சொல்றது?"

பாருங்கள் எங்கள் புத்தியை. பன்னிரண்டு வருஷம் அந்த வண்டியை ஓட்டினவர், அதற்கு அடியில் படுத்துக் கிடந்தவர், பக்கத்திலேயே நிற்கிறார். வாங்கப் போகிறவரும் அவர்தான். அவரிடம் எதுவுமே கேட்காமல் நாங்கள் எடை மேடைக்குப் போயிருக்கிறோம்!

"இப்ப நான் கேக்கறேன்," என்றார் எஸ்தர். "வாயத் தொறந்து சொல்லுய்யா. வண்டியில இன்னா இன்னா இருக்குது?"

அவர் முதலில் தரையைப் பார்த்துத்தான் ஆரம்பித்தார். ஹேண்ட் பிரேக் பிடிக்காது, கல்லு வைக்கணும். செகண்ட் கியர் கழண்டுக்கும், கையால பிடிச்சுக்கினே ஓட்டணும். மேட்டுல கொதிக்கும். பின் டயரு ரெண்டும் துணி தெரியுது... சொல்லச் சொல்ல நிமிர்ந்தார். அப்புறம் நல்லதையும் சொன்னார். இன்ஜின் தங்கம், ஒருநாளும் நடுவழியில் விட்டதில்லை. நாலு சக்கரமும் ஒன்றாக இழுத்தால் எந்தச் சேற்றிலும் நிற்காது. வெல்டிங் வைத்த இடம் இன்னும் இருபது வருஷம் தாங்கும். அப்படி ஒரு மதிப்பீட்டை நான் எந்த நிபுணரிடமும் கேட்டதில்லை. வண்டியைக் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

முதலாளி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"பன்னெண்டு வருசத்துல இதுல ஒண்ணாச்சும் என்கிட்ட சொன்னியாடா? ஏன்டா சொல்லல?"

"சொன்னா வண்டிய வித்துருப்பீங்களே மொதலாளி."

முதலாளி பானட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"சரி, நீயே சொல்லு. இன்னா வெல குடுப்ப?"

தேவசகாயம் வாயைத் திறந்தார். 'நீங்க சொல்றதுங்க' என்றுதான் வரப்போகிறது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. எஸ்தருக்கும் தெரிந்துவிட்டது. இரண்டடி முன்னால் வந்து அவர் பக்கத்தில் நின்றுகொண்டார். தேவசகாயம் முதலாளியைப் பார்க்கவில்லை. ஜீப்பைப் பார்த்துச் சொன்னார்:

"மூவாயிரம்ங்க. இந்த வண்டிக்கு அதான் வெல. நாளைக்கு மெட்ராஸ்காரர் வந்து டிரைவராச்சேன்னு என்னைக் கேட்டாலும், நான் இதையேதாங்க சொல்லுவேன்."

பேரம் என்று நினைத்து அவர் அதைச் சொல்லவில்லை. சத்தியமாக இல்லை. வெள்ளை மனசோடுதான் சொன்னார். ஆனால் முதலாளி அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, ஷெட் அதிரச் சிரித்தார்.

"மெரட்றான் பாருங்க சார், என்னயே மெரட்றான்! எடுத்துக்கினு போடா. மூவாயிரம்."

ஆக, பழைய ஜீப் வாங்கப் போகிற நேயர்களே! என்னை மாதிரிப் பேச்சுக்காரனைக் கூட்டிப் போகாதீர்கள். என் மைத்துனனை மாதிரிக் கெட்டிக்காரனையும் கூட்டிப் போகாதீர்கள். அந்த வண்டியை ஓட்டினவர் யார் என்று விசாரித்து, அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, சும்மா கேளுங்கள். மாப்பிள்ளை பார்க்கப் போகும்போது கூட அந்த வீட்டில் துணி துவைக்கிற அம்மாவை விசாரித்தால் போதும் என்பது என் அபிப்பிராயம். விலை தெரிந்தவர் எப்போதும் பக்கத்திலேயேதான் இருக்கிறார். நாம்தான் அவரைத் தூண் ஓரமாக நிற்க வைத்துவிடுகிறோம்.

ஜீப் இப்போது ஓடுகிறது. மிச்சமிருந்த ஐந்நூறில் பின் டயர்கள் வந்துவிட்டன. நேற்றுப் பால் ஊற்ற வந்த எஸ்தர் வாசலிலேயே நின்று ஒரு செய்தி சொன்னார். புதன்கிழமை பெய்த மழையில் முதலாளி வீட்டுச் சின்னக் கார் சேற்றில் மாட்டிக்கொண்டு நகரவில்லையாம். முதலாளி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு வந்து, எதிரே வந்த ஜீப்பில் ஏறிக்கொண்டாராம். அதே முன் சீட்டு. ஐயம்பேட்டையில் இறங்கும்போது எவ்வளவு என்று கேட்டாராம். பால் கேனுக்கு மத்தியில் உட்கார்ந்திருந்த எஸ்தருக்கு, காசு வேண்டாம் என்று கும்பிட்டு அனுப்பிவிடுவாரோ என்று பயமாம்.

"எட்டணாங்க," என்றாராம் தேவசகாயம்.

முதலாளி நாலணாதான் கொடுத்தாராம். மீதி வரும்வரை தேவசகாயம் நீட்டின கையை மடக்கவே இல்லையாம்!