தெய்வானை டீச்சர் திருப்பி மாட்டிய பலகை

"ஒருத்தர் நம்மளப் புகழுறாங்களா திட்டுறாங்களான்னு தெரியாட்டி, அவங்களுக்குப் பப்பாசி வெட்டி வைக்கலாமா சேர்?"

ஆயுளில் பாதிக்கு மேல் ஆங்கிலம் படிப்பித்திருக்கிறேன். இப்படி ஒரு கேள்வியைத் தெய்வானை டீச்சர் மட்டுந்தான் கேட்டார். போன வாரம் அவருடைய மகள் சுமதி பதுளையிலிருக்கும் எனக்குத் தொலைபேசி எடுத்து, "அம்மா காலையில போயிட்டாங்க சேர்" என்றபோது, முதலில் என் நினைவுக்கு வந்தது அந்தப் பப்பாசிப் பழந்தான்.

எங்கள் தோட்டப் பாடசாலையில் அவரிடம் அரிச்சுவடி படித்தவர்களுக்கு அவருடைய குரல் தெரியும். பப்பாசிக் கேள்வியைக் கேட்ட அன்று அந்தக் குரல் தொலைபேசியில் கிசுகிசுத்தது. ஓய்வு பெற்றபின் மலையூரான எல்லவுக்கு மேலேயுள்ள தம் வீட்டில் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கென ஒழுங்கு செய்திருந்தார். கீழே நீச்சல் தடாகம் வைத்த ஹோட்டல்கள். மேலே இவருடைய அறைகளில் ஆளில்லை. கணவர் காலமான பிறகு, கொழும்புக்கு வந்துவிடும்படி சுமதி நச்சரித்துக்கொண்டிருந்தார். "தைப்பொங்கல் வரைக்கும் பார்க்கிறேன். ரூம் ஓடலன்னா வந்துடுறேன்" என்று டீச்சர் வாக்குக் கொடுத்துவிட்டார். ஆனால் போக மனமில்லை. "அங்க ஜன்னலத் தொறந்தா அடுத்த வீட்டு ஜன்னல்தான் தெரியுது சேர். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தொறந்தா யாரு மொதல்ல மூடுறதுன்னு ஒரு போராட்டம்."

அப்போதுதான் முதல் விருந்தாளியாக ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து தங்கினாள். காலையில் இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு, வீட்டைச் சுற்றிப் பார்த்து, ஆங்கிலத்தில் "அன்பிரிடென்ஷஸ்" என்றாளாம். டீச்சர் உடனே குசினிக்குள் போய் என்னை அழைத்தார்.

"ஆடம்பரம் இல்லாததுன்னு அர்த்தம், டீச்சர்."

"பாத்தீங்களா! இல்லாததத்தான் சொல்லியிருக்கா. புதுத் திரை போட்டிருக்கேன், மேசையில பிளாஸ்டிக் ரோசாப்பூ வச்சிருக்கேன். ஒண்ணும் இல்லையாமா?"

அகராதிப் பொருள் பலிக்கவில்லை. உதாரணத்துக்குப் போனேன். "மொனராகலை வெயில்லயும் கோட்டுப் போட்டுக்கிட்டு வந்த நம்ம பள்ளிக்கூடத்துப் பழைய அதிபர் ஞாபகமிருக்கா?"

"எப்பிடி மறக்கிறது? வேர்வையத் தொடைக்கவே ஒரு ஆள் வச்சிருந்தாரே."

"அவருக்கு நேர் எதிர்தான் இந்தச் சொல்லு. இருக்கிறத இருக்கிற மாதிரியே காட்டுறது. அவ புகழ்ந்திருக்கா."

மறுமுனையில் கத்தி வெட்டும் பலகையில் படும் ஓசை கேட்டது. பப்பாசி வெட்டப்பட்டது.

இரண்டு வாரம் கழித்துப் பார்க்கப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பெரிய பலகை ஒன்று கண்ணில் பட்டது. பண்டாரவளையில் எழுதுவித்தது. தங்க நிற ஆங்கில எழுத்து, சுற்றிலும் ஓடி ஓடி எரியும் வண்ண பல்புகள்: 'எல்லவிலேயே மிக அன்பிரிடென்ஷஸ் வீடு இதுதான்'. பயணிகள் இருவர் அதைப் படம் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பாருங்க சேர், சந்தோசத்துல சிரிக்குதுங்க" என்றார் டீச்சர். "ஆனா ஒண்ணும் உள்ள வரமாட்டேங்குது."

அவருக்கு முன்னால் அவரையே உதாரணமாக்கிச் சொல்லத் தயக்கமாகத்தான் இருந்தது. சொன்னேன். "டீச்சர், நீங்க அடக்கமானவங்கன்னு நான் சொன்னா ஊரே ஒத்துக்கும். 'என்னைவிட அடக்கமானவ இந்த ஊர்ல எவளும் இல்ல'ன்னு நீங்களே லைட்டுப் போட்டுச் சொன்னா?"

அவர் பலகையைப் பார்த்தார். ஒரு பல்பு எரிந்தது, அடுத்தது எரிந்தது. சிரிக்கத் தொடங்கியவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ சேர், கோட்டுப் போட்ட அதிபராவே ஆயிட்டேனே! அப்ப இந்தச் சொல்ல நான் வச்சுக்கவே முடியாதா?"

"மத்தவங்க குடுக்கணும். நாமளா எடுத்துக்க முடியாது."

"என்னா சொல்லு சேர் இது! என் வீட்டுல மாட்ட எனக்கே உரிமை இல்ல."

படம் பிடித்த இருவரும் இந்தச் சிரிப்பைக் கேட்டுப் படியேறி வந்தார்கள். தேநீர் குடித்தார்கள். மூன்று நாள் தங்கினார்கள். டீச்சர் பலகையைத் திருப்பி மாட்டினார். தெருவைப் பார்த்த பின்பக்கத்தில் 'ரூம் இருக்கு, தேத்தண்ணி இருக்கு' என்று மட்டும் எழுதினார். தங்க எழுத்து குசினி ஜன்னலைப் பார்த்தது. "நான் மட்டும் வாசிச்சுக்கிறேன். யாருக்கும் சொல்லலையே" என்றார். பொங்கல் வந்தபோது இரண்டு அறையிலும் ஆள். கொழும்புப் பேச்சு அத்தோடு நின்றது.

அதன்பின் அந்தச் சொல்லை அவர் கொடுக்கத் தொடங்கினார். மீன்காரருக்குக் கொடுத்தார். யாழ்ப்பாணத்து வைத்தியருக்குக் கொடுத்தார். வைத்தியர் வெட்கப்பட்டு மருந்துத் துண்டை இரண்டு தரம் எழுதினார். கழுத்தில் ஐந்து சங்கிலி போட்ட ஒரு கண்டிராக்டருக்கும் கொடுத்தபோது நான் தடுத்தேன். "தெரியும் சேர். குடுத்துப் பார்த்தா ஒண்ணையாவது கழட்டுவாரான்னு பாத்தேன்" என்றார்.

இறுதிச் சடங்கன்று சுமதி என்னிடம் வந்தார். "சேர், இப்ப பலகையத் திருப்பலாமா? இப்ப நாமதானே சொல்றோம்?"

நான் தலையசைத்தேன். ஆட்டோக்கார இளைஞர்கள் பலகையைத் திருப்பி மாட்டினார்கள். அவர்களில் ஒருவர், எதையும் அரைகுறையாகச் செய்யக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, பல்புகளுக்கும் மின்சாரம் கொடுத்துவிட்டார். டீச்சரை வெளியே எடுத்து வந்தபோது அத்தனை வண்ணமும் ஓடி ஓடி எரிந்தது. அணைக்கச் சொல்ல வாயெடுத்தேன். அழுதுகொண்டிருந்த சுமதி சிரிப்பதைப் பார்த்து விட்டுவிட்டேன்.

ஒரு சொல்லின் பொருள் தெரிவது வேறு, அதை யார் வாயால் சொல்ல வேண்டும் என்று தெரிவது வேறு. இதை விளக்க இனி எனக்கு வேறு உதாரணம் வேண்டியதில்லை. தெய்வானை டீச்சரிடமிருந்து நான் மனதில் வைத்துக்கொண்டது அந்தப் பலகைதான், இரண்டு பக்கமும்.

நீங்களும் ஒன்று செய்து பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒருவர் தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொள்ள முடியாத ஒரு நல்ல சொல்லை, இன்றைக்கே அவரிடம் நேரில் சொல்லுங்கள்.