கடைசிப் பாதைக்கு முன் ஒரு பிரேரணை

1. முதல் நாளே அனுதாபம்

எண்பதுகளின் தொடக்கத்தில் மாவட்டத்துக்கென்று ஒரு சபை தந்தார்கள். அதுவரை நான் திருகோணமலைக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், காணிப் பிரிவில் ஸ்டெனோ. வேகமாகச் சுருக்கெழுத்து எழுதுவேன் என்று யாரோ சொல்லிவிட, சபையில் பேசுவதையெல்லாம் எழுதியெடுக்க என்னை அனுப்பினார்கள். எல்லாவற்றுக்கும் கொழும்பைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, நம்முடைய ஆஸ்பத்திரியையும் தெருவையும் நாமே பேசித் தீர்க்கலாம் என்று ஊரெல்லாம் கதை. நானும் நம்பினேன். புதுச் சேலை உடுத்து, பென்சில்களைச் சீவி எடுத்துக்கொண்டு போனேன்.

முதல் நாள் காலையில் எடுத்த முதல் விஷயம் ஓர் அனுதாபப் பிரேரணை. மாவட்டத்தில் பெயர் பெற்ற ஒருவர் காலமாகியிருந்தார். தலைவர் பேசினார். ஒருவர் ஆமோதித்தார். அத்தோடு முடியும் என்று பார்த்தால், மற்ற உறுப்பினர்களும் ஒவ்வொருவராக எழும்பத் தொடங்கினார்கள். இறந்தவரோடு பள்ளிக்கூடத்தில் படித்த கதை, அவர் வீட்டில் சாப்பிட்ட கதை, அவருடைய மாமனாரின் கதை. எல்லாவற்றையும் எழுதினேன். மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது.

ஏன் இப்படி என்று பிறகுதான் விளங்கியது. சபையில் பேசியதை நான் டைப் அடித்து, இறந்தவரின் குடும்பத்துக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும். அதை அவர்கள் கண்ணாடி போட்டு விறாந்தையில் மாட்டுவார்கள். அதில் ஓர் உறுப்பினரின் பெயர் இல்லாவிட்டால், அந்தக் குடும்பத்தின் வாக்கும் அவர்களுடைய சொந்தபந்தத்தின் வாக்கும் அடுத்த முறை அவருக்கு இல்லை. ஆகவே யாரும் வாய் திறக்காமல் இருக்க மாட்டார்கள். மாவட்டத்தில் மாதாமாதம் யாராவது ஒரு பெரிய மனிதர் இறந்துகொண்டும் இருந்தார்.

மதியத்துக்குப் பிறகு தெருக்கள், குளங்கள், சந்தைக் கடைகள். இவற்றுக்கெல்லாம் சண்டை பிடிக்க ஆள் இருந்தது. நிகழ்ச்சி நிரலின் கடைசியில் ஒரு தலைப்பு இருக்கும்: ‘சுகாதாரம், வலது குறைந்தோர் நலன், சமூக சேவை’. வலது குறைந்தோர் என்றால் உடல் ஊனமுற்றவர்கள். அந்தத் தலைப்பை எடுக்கும் நேரத்தில் கதிரைகள் பாதிக்கு மேல் வெறுமையாகிவிடும்.

2. ஹாஜியாரின் பிரேரணை

கிண்ணியாப் பக்கத்து உறுப்பினர் ஒருவர் இருந்தார். எல்லாரும் ஹாஜியார் என்றே கூப்பிடுவோம். நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். அந்தக் கடைசித் தலைப்பின் கீழ் அவர் ஒரு பிரேரணை தந்திருந்தார். நடக்க ஏலாதவர்கள் சக்கரக் கதிரை கேட்பதென்றால் டொக்டர் பார்த்து எழுதித் தர வேண்டும். அதற்கென்று நகரத்தில் கிழமையில் ஒரு காலை மட்டும் டொக்டர் இருந்தார். அந்த டொக்டர் மாதம் ஒரு தரமாவது கிண்ணியாவுக்கு வந்து பார்க்க வேண்டும். பிரேரணை அவ்வளவுதான். படித்துப் பார்த்தபோது, இதை யார் எதிர்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

எதிர்க்க ஒருவரும் தேவைப்படவில்லை. அப்போது கிண்ணியாவுக்குப் பாலம் கிடையாது. பஸ்ஸையும் லொறியையும் ஆட்களையும் ஏற்றிக் கடக்கிற மிதவைதான். அதை எங்கள் பகுதியில் பாதை என்போம். இருட்டுமுன் கடைசிப் பாதை போய்விடும். அதைப் பிடிக்க நகரத்திலிருந்து நாலு மணி பஸ்ஸில் ஏற வேண்டும். மூன்றரை ஆனதும் ஹாஜியார் மணிக்கூட்டைப் பார்ப்பார், தொப்பியைச் சரி செய்வார், பிறகு ஆளைக் காணோம். மூதூர் உறுப்பினரும் தன் ஊருக்குப் போகிற லோஞ்சை, மோட்டார்ப் படகை, பிடிக்க வேண்டும். அவரும் பின்னால் போவார்.

தலைவர் கடைசித் தலைப்பை வாசிப்பார். சபை விதிப்படி பிரேரணை கொண்டு வந்தவர் கதிரையில் இருக்க வேண்டும். “கொண்டுவந்த உறுப்பினர் ஆசனத்தில் இல்லாதபடியால் பிரேரணை வலுவிழக்கிறது” என்பார். நான் எழுதுவேன். அடுத்த மாதம் ஹாஜியார் அதே பிரேரணையை மறுபடி தருவார். எனக்கு அதை டைப் அடித்து அடித்து மனப்பாடம்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் தலைவரிடம் போனேன். அவர் சட்டத்தரணி, பண்பான ஆள்.

“சேர், அந்தச் சுகாதார விஷயத்தைக் காலமையிலேயே எடுக்கேலாதே? ஹாஜியார் நாலு மணி பஸ்ஸுக்குப் போயிடுறார்.”

“அப்ப அனுதாபத்தை எங்க போடுறது, மிஸ்?”

“பின்னேரம் போடலாம் சேர்.”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “செத்தவரைக் கடைசியில போட்டா சனம் என்ன கதைக்கும்? நீங்கள் இன்னும் புதுசு. முறையெண்டு ஒண்டு இருக்கு.”

இறந்தவருக்கு இனி என்ன அவசரம் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. சம்பளம் வாங்குகிற ஆள் நான்.

3. பார்வையாளர் வாங்கில் இருவர்

அடுத்த கூட்டத்துக்குப் பார்வையாளர் வாங்கில் ஒரு தாயும் மகனும் வந்து இருந்தார்கள். தாய் ஹாஜரா உம்மா, ஊர் குறிஞ்சாக்கேணி. மகன் ஜலால்தீன், வயது இருபத்தைந்து இருக்கும். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. வீட்டில் இருந்தபடி றேடியோ திருத்துவான். அந்தத் தாய் அவனை முதுகில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். குறிஞ்சாக்கேணியிலிருந்து கிண்ணியாவுக்கு வர ஒரு துறை, கிண்ணியாவிலிருந்து இந்தக் கரைக்கு வர இன்னொரு துறை, பிறகு பஸ். டொக்டரிடமும் அப்படியே பல தரம் கொண்டு போயிருக்கிறார். இவர்கள் வந்து சேருமுன் அன்றைய நேரம் முடிந்துவிடும். அடுத்த கிழமை வாருங்கள் என்பார்கள்.

மதிய இடைவேளையில் எனக்கு இதைச் சொன்னபோது ஹாஜரா உம்மாவின் குரலில் கோபமே இல்லை. “எனக்கு இனி ஏலாது தங்கச்சி. முதுகு விட்டுப் போச்சு. ஒரு சில்லுக் கதிரை கிடைச்சா தள்ளிக்கிட்டுப் போவன். ஹாஜியார் இண்டைக்குப் பேசுறாராம். அதான் கேக்க வந்த.”

அன்றும் காலை முழுவதும் அனுதாபம். பிறகு ஒரு சந்தைக் கூரைக்குத் தகரம் போடுவதா, ஓடு போடுவதா என்று இரண்டு உறுப்பினர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். மூன்றரைக்கு ஹாஜியார் தொப்பியைத் தொட்டார். நான் கண்ணால் பார்வையாளர் வாங்கைக் காட்டினேன். அவரும் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டு போனார். தலைவர் கடைசித் தலைப்பை வாசித்தார். பிரேரணை வலுவிழந்தது.

கலைந்து போகும்போது ஜலால்தீன் என்னைக் கூப்பிட்டான்.

“மிஸ், ஹாஜியார் எங்க போன?”

“கடைசிப் பாதையைப் பிடிக்கப் போயிட்டார்.”

“எங்களுக்கும் அதே பாதைதான். நாங்க இருந்தம்தானே.”

 அன்றிரவு அவர்கள் நகரத்தில் தெரிந்த ஒருவர் வீட்டில் படுத்துவிட்டுப் போனார்கள். எனக்குத் தலைவரிலும் கோபம், ஹாஜியாரிலும் கோபம், ஒன்றும் செய்யாமல் பென்சில் பிடித்துக்கொண்டிருந்த என்னிலும் கோபம்.

4. வாடைக் காற்று செய்த வேலை

மாரி தொடங்கியது. கூட்டத்தன்று காலையிலிருந்தே வாடைக் காற்று. அன்றும் வழக்கம்போல எல்லாம் நடந்தது. மூன்றரைக்கு ஹாஜியார் எழும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில், உடம்பெல்லாம் நனைந்தபடி திரும்பி வந்து தன் கதிரையில் தொப்பென்று இருந்தார். மூதூர் உறுப்பினரும் வந்தார்.

“பாதை பழுதாம். தோணியும் விடமாட்டாங்களாம். லோஞ்சும் இல்ல” என்றார் ஹாஜியார், யாரையும் பார்க்காமல்.

வேறு போக்கிடம் இல்லாததால் எல்லாரும் இருந்தார்கள். அந்தச் சபை தொடங்கியதிலிருந்து முதல் தரமாகக் கடைசித் தலைப்புக்குக் கதிரைகள் நிறைந்திருந்தன. தலைவர் வாசித்தார். ஹாஜியார் எழும்பினார்.

எழுதி வைத்திருந்த பேச்சை அவர் எடுக்கவில்லை. “கௌரவ தலைவர் அவர்களே, ஒரு பின்னேரம் வீட்டுக்குப் போக ஏலாமப் போனதுக்கே எனக்கு இவ்வளவு எரிச்சல் வருது. போன கூட்டத்துக்கு ஒரு உம்மா மகனை முதுகில சுமந்துக்கிட்டு ரெண்டு துறை தாண்டி வந்து இந்த வாங்கில இருந்தாங்க. நான் அவங்களைப் பாத்துக்கிட்டே எழும்பிப் போன. இண்டைக்குப் பாதை ஓடியிருந்தா இண்டைக்கும் போயிருப்பன். பொய் சொல்ல எனக்கு ஏலாது” என்றார்.

நகரத்து உறுப்பினர் ஒருவர் நடக்க ஏலாதவர்களை ஒரு விடுதி கட்டி அங்கே வைத்துப் பார்த்தால் என்ன என்று கேட்டார். “தாய் உயிரோட இருக்கிறா. அவ கேட்டது கதிரை, விடுதியில்ல” என்று ஹாஜியார் அடக்கினார். பிறகு தலைவர், ஆலோசனை சொல்வதற்காக வந்திருந்த சுகாதார உத்தியோகத்தரின் பக்கம் திரும்பினார். அவர் பைலைப் புரட்டிவிட்டு எழும்பினார்.

“சேர், இதில ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கு. டொக்டர்மார் பாதையில போய் வாறதெண்டா சரியான கஷ்டம். காத்துக்கொண்டு நிக்க வேணும். ஒரு நாள் முழுக்கப் போயிடும். ஆனபடியால் நோயாளிகள் இங்க வாறதுதான் சுகம்.”

 என் பென்சில் நின்றுவிட்டது. தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“நீங்கள் இப்ப சொன்னதை இன்னொருக்காச் சொல்லுங்கோ. மிஸ் எழுதட்டும்” என்றார்.

உத்தியோகத்தர் மறுபடி சொல்லவில்லை. பாவம், அவருக்கும் பாதி வழியிலேயே விளங்கியிருக்க வேண்டும். பிரேரணை ஏகமனதாக நிறைவேறியது. அன்றிரவு ஹாஜியாரும் மூதூர் உறுப்பினரும் சபை மண்டபத்திலேயே வாங்குகளை இழுத்துப் போட்டுப் படுத்தார்கள். அந்தப் பேச்சைக் கேட்க வேண்டிய தாயும் மகனும் அக்கரையில் இருந்தார்கள்.

5. டொக்டர் வந்த நாள்

பிரேரணை நிறைவேறினால் அடுத்த நாளே நடக்கும் என்று நினைக்கிறவர்கள் அரசாங்க வேலை பார்த்திருக்க மாட்டார்கள். வாகனம் யாருடையது, டீசல் யார் தருவது, டொக்டருக்குச் சாப்பாடு யார் பொறுப்பு என்று இழுபட்டுக்கொண்டே போனது. தலைவர்தான் விடவில்லை. அந்தப் பின்னேரத்துக்குப் பிறகு அவர் போக்கு கொஞ்சம் மாறியிருந்தது. கடைசியில் ஒரு நாள் டொக்டர் புறப்பட்டார். நடப்பதை எழுதி வர என்னையும் கூட அனுப்பினார்கள்.

இளம் டொக்டர், வேலைக்குப் புதியவர். பாதைக்குக் காத்திருந்து, வெயிலில் வெந்து, கிண்ணியாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது. எங்களுக்கு முன்னரே சனம் வந்து குந்தியிருந்தது. பாயில் கிடத்திக் கொண்டுவந்தவர்கள், சைக்கிளில் இருத்தித் தள்ளிக்கொண்டு வந்தவர்கள். ஹாஜரா உம்மா மகனை முதுகிலிருந்து இறக்கி வாங்கில் இருத்தினார்.

டொக்டர் ஜலால்தீனின் கால்களை ஒரு முறைதான் பார்த்தார். முழங்காலைத் தொட்டார். அவ்வளவுதான், பேனாவை எடுத்துவிட்டார்.

“இது வாசலில நிண்டு பாத்தாலே தெரியுதே அம்மா. இதுக்கு எப்பவோ கதிரை எடுத்திருக்கலாம். இவ்வளவு காலமும் ஏன் வரேல்ல?”

நான் வாயைத் திறக்கப் போனேன். ஹாஜரா உம்மா என்னை முந்திக்கொண்டார். அப்போதும் அவர் குரலில் கோபம் இல்லை.

“நாங்க வந்த, மகன். எத்தனையோ தரம் வந்த. வராம இருந்தது நீங்கதான்.”

டொக்டரின் பேனா நின்றது.  ஜலால்தீன்தான் பேசினான்.

“உம்மா, டொக்டரை ஏசாதீங்க. அவர் பாதையில வந்த களைப்பில இரிக்கிறார்.”

வரிசையில் நின்ற சனம் எல்லாம் சிரித்தது. டொக்டரும் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிக்க முடியவில்லை. 

நோன்பு மாதத்துக்கு முன் கதிரை வந்து சேர்ந்தது. மாதாமாதம் ஏதோ ஒரு டொக்டர் அக்கரைக்குப் போய்க்கொண்டும் இருந்தார். ஆனால் சபையில் அனுதாபப் பிரேரணை கடைசிவரை முதலாவதாகத்தான் இருந்தது.

அலுவலகங்களுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் ஏதாவது சொல்லச் சொன்னால் ஒன்றுதான் சொல்வேன். சனத்தை ஓர் இடத்துக்கு வாருங்கள் என்று எழுதுமுன், நீங்கள் ஒரு தரம் அவர்கள் வீட்டிலிருந்து புறப்பட்டு, அவர்கள் வருகிற வழியில் அந்த இடத்துக்கு வந்து பாருங்கள். முடிந்தால் முதுகில் ஒருவரைத் தூக்கிக்கொண்டு வாருங்கள்.