அமாவாசை மெஷின்

போன வாரம் எங்கள் பட்டறைக்காரர்களின் வாட்ஸப் குழுவில் ஒருவர் வீடியோ அனுப்பியிருந்தார். இரும்பின் முகத்தைச் சீவி மட்டமாக்கும் சர்ஃபேஸ் கிரைண்டரிடம் முழு வேலை வாங்குவது எப்படி என்று அதில் ஒருவர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு விளக்குகிறார். சாணைக்கல்லை வைரமுனையால் அடிக்கடி சீவிவிட வேண்டும், கல் ஆடாமல் சுற்ற வேண்டும், மேலே ஊற்றும் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும், மெஷின் மட்டம் பிசகாமல் நிற்க வேண்டும். ஒன்றும் தப்பில்லை. கேட்கக் கேட்க எனக்கு அந்தத் தண்ணீரின் வாசனை மூக்குக்கு வந்துவிட்டது. எண்ணெய் கலந்து பால் போல இருக்கும். நாலு நாள் மாற்றாமல் விட்டால் ஊறிப் புளித்த சோற்றின் நாற்றம் அடிக்கும். கல்யாணமான புதிதில் என் சட்டையெல்லாம் அந்த வாசனைதான். மாமனார் வீட்டில் என்னைப் பெரிய மெஷின் ஆபரேட்டர் என்று சொல்லிப் பெண் கொடுத்திருந்தார்கள். வாசனையைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை போலிருக்கிறது.

அப்போது வெண்ணந்தூரில் வேலை. முதலாளி கோயமுத்தூரிலிருந்து பழைய கிரைண்டர் ஒன்றை வாங்கி வந்து இறக்கியிருந்தார். காந்த மேசையில் இரும்புத் தட்டை வைத்து, சுவிட்சைப் போட்டால் பிடித்துக்கொள்ளும். மேசை முன்னும் பின்னும் ஓட, மேலே கல் சுற்றி, தட்டின் முகத்தைச் சீவும். போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளின் கம்ப்ரசருக்கு உள்ளே போகிற தட்டுகள்தான் எங்களுக்கு முக்கால்வாசி வேலை. தட்டு நேராக இல்லாவிட்டால் காற்று கசியும். காற்று கசிந்தால் எங்கேயோ மத்தியப் பிரதேசத்துப் பாறையில் ரிக் திணறி நிற்கும். நின்ற இடத்திலிருந்து ரிக்காரர் எங்களுக்கு போன் போடுவார். அவர் பேசுவதை இங்கே எழுத முடியாது.

எங்கள் தட்டுகளில் அலை விழுந்தது. கையால் தடவினால் தெரியாது, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் குளத்துத் தண்ணீர் மாதிரி மெல்லிய வரிகள் தெரியும். ரிக்காரர் ஒருநாள் நேரிலேயே வந்து, "இன்னொருக்கா இப்புடி வந்துச்சுன்னா நாங் கோயமுத்தூருக்கே குடுத்துக்கறனுங்க" என்றார். அவர் போனால் மெஷினை விற்றுவிடுவதாக முதலாளி சொன்னார். மெஷின் போனால் ஆபரேட்டருக்கு என்ன வேலை? மாமனார் வீட்டுக்கு என்ன பதில் சொல்வது?

கையுறைக்காரர் இப்போது சொல்வதை எல்லாம் அப்போதே செய்து பார்த்தோம். கல்லைச் சீவினோம், கல்லையே மாற்றினோம், தண்ணீரை மாற்றினோம். முதலாளி எலுமிச்சம்பழம் கட்டினார். அப்புறம் வாஸ்து பார்க்கிற ஒருவர் வந்து, மெஷின் தெற்கே பார்க்கிறது என்று கண்டுபிடித்தார். ஆளைக் கூட்டி அதைக் கிழக்கே திருப்பி, மறுபடி மட்டம் பார்த்து நிறுத்த எனக்கு இடுப்பு ஒடிந்தது. கிழக்கே பார்த்தும் அலை விழுந்தது.

அப்படியிருக்க ஒருநாள் தட்டு முகம் பார்க்கிற மாதிரி வந்தது. அடுத்ததும் அப்படியே. முதலாளி காலண்டரைப் பார்த்தார். அமாவாசை. அடுத்த அமாவாசைக்கும் அதேபோல் வந்ததும் அவருக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. "நெறஞ்ச நாளுங்க. இந்த மெஷினு ராசிக்கு அதுதான் ஒத்துவருது" என்றார். அன்றிலிருந்து முதல் சீவல் எந்த நாளிலும் செய்யலாம், கடைசிச் சீவல் அமாவாசையில் மட்டும் என்று பட்டறையில் சட்டம். ரிக்காரர் இதைக் கேட்டு மறுப்பே சொல்லவில்லை. அவரும் ரிக்கைப் புது ஊருக்குக் கிளப்புவது அமாவாசையில்தான். எனக்கு மட்டும் நம்பிக்கை இல்லை என்று பெருமையடித்துக்கொள்ள ஆசைதான். நானும் அமாவாசைக்குத் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் போனேன்.

தீபாவளிக்கு முந்தின மாதத்து அமாவாசையில் சட்டம் காலை வாரியது. வெளியே ரிக் லாரி கிளம்பத் தயாராக நிற்கிறது. ரிக்காரர் என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார். தட்டில் அலை. மறுபடி ஓட்டினேன், மறுபடி அலை. முதலாளி காலண்டரை உற்றுப் பார்த்து, திதி இன்னும் சரியாகப் பிறக்கவில்லை, பொறுப்போம் என்றார். ரிக்காரர் செல்போனில் கோயமுத்தூர் நம்பரைத் தேட ஆரம்பித்தார்.

டீ வந்தது. கிளாஸை மெஷின் மேல் வைத்தேன். டீ நடுங்கிக்கொண்டிருந்தது. கல் நின்றிருக்கிறது, மேசை நின்றிருக்கிறது, டீ மட்டும் ஏன் நடுங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சட்டென்று நின்றுபோனது. அதே நேரத்தில் சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

அந்தப்பக்கம் சரசக்காவின் தறிக்கூடம். நாலு விசைத்தறி, எங்கள் சுவரை ஒட்டியே. வெண்ணந்தூரில் தறிச் சத்தத்தை யாரும் சத்தம் என்று கணக்கில் எடுப்பதில்லை; எங்கள் காதுக்கு அது தெரியவே தெரியாது. அதன் அதிர்வு தரை வழியே மெஷினுக்கு ஏறியிருக்கிறது. அமாவாசைக்குத் தறி லீவு. இந்த அமாவாசைக்குத் தீபாவளி ஆர்டர் நெருக்கியதால் ஓட்டியிருக்கிறார்கள். வீட்டுக்காரர் நூல் வாங்கக் குமாரபாளையம் போயிருந்ததால், மாற்றி ஓட்ட ஆளில்லாமல் சரசக்கா சோறு உண்ணத் தறிகளை நிறுத்தியிருந்தார்.

கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கல்லைப் போட்டேன். குழந்தை அழுது முடிப்பதற்குள் தட்டு கண்ணாடியாக வந்தது. முதலாளி சொன்னார்: "பாத்தீங்களா, இப்பத்தான் அமாவாச புடிச்சிருக்குது!"

மறுநாள் நான் சரசக்காவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். தினம் கொஞ்ச நேரம் தறியை நிறுத்த முடியுமா என்று கேட்டேன். கேட்கும்போதே கூச்சமாக இருந்தது. அவர்களுக்கு மீட்டர் கணக்கில்தான் கூலி. அவர் அதைப் பேசவே இல்லை.

"நிறுத்தறது பெருசில்ல சாமி. தறி ஓடுனாத்தான் இவ தூங்குவா. நின்னா எந்திரிச்சுக்குவா" என்று தொட்டிலைக் காட்டினார். பிறந்ததிலிருந்து அந்தக் குழந்தைக்குத் தறிதான் தாலாட்டு. கொஞ்சம் யோசித்துவிட்டு, "செரி, செவுத்தத் தட்டுங்க. நாந் தூக்கி வெச்சுக்கறேன்" என்றார்.

அப்படியே நடந்தது. கடைசிச் சீவலுக்கு முன்னால் சுவரைத் தட்டுவேன். தறிகள் ஒவ்வொன்றாக நிற்கும். குழந்தை அழும். அவர் தோளில் போட்டுக்கொண்டு நடப்பது கொலுசுச் சத்தத்தில் தெரியும். அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே மெஷின் ஓட்ட நான் பட்ட பாடு எந்த வீடியோவிலும் இல்லை. முடிந்ததும் மறுபடி தட்டுவேன், தறி ஓடும், அழுகை அடங்கும். ரிக்காரர் எங்களை விட்டுப் போகவில்லை. முதலாளிக்கும் எல்லாம் தெரிந்தது. ஆனாலும், தறி பாதி அமாவாசை பாதி என்றுதான் கடைசிவரை சொன்னார்.

அந்தப் பெண் வளர்ந்து காலேஜ் முடித்து சேலத்தில் வேலைக்குப் போன வருஷம், தறிகளை எடைக்குப் போட்டார்கள். கூலி கட்டுப்படியாகவில்லை, ஓட்ட ஆளில்லை. பழைய இரும்பு லாரியில் நாலையும் ஏற்றி முடித்த பிறகு சரசக்கா எங்கள் பட்டறை வாசலுக்கு வந்தார். எனக்கு ஏதோ நல்ல சேதி கொண்டுவந்தவர் மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னார்.

"இனி செவுத்தத் தட்ட வேண்டியதில்லீங்க சாமி. எந்நேரமும் ஓட்டிக்கங்க."

சரிங்கக்கா என்றேன். அன்று மத்தியானம் ஒரு தட்டுப் போட்டேன். அப்படியொரு முகம் அந்த மெஷினில் அதுவரை வந்ததில்லை. யாரிடமும் காட்டத் தோன்றாமல், துடைத்து, எண்ணெய் தடவிப் பெட்டியில் வைத்துவிட்டு மெஷினை நிறுத்தினேன். அந்தப்பக்கம் ஒரு சத்தமும் இல்லை.