கதிரில் வந்த லட்சுமி

கணவர் துபாய் போனபின் நான் தனியாகப் பார்த்த முதல் சம்பா அது. கதிர்களில் அங்கங்கே மஞ்சள் உருண்டைகள். "லட்சுமி வந்துட்டாம்மா, கண்டுமுதல் அமோகமா இருக்கும்" என்றார்கள் அறுப்பாட்கள். அந்தக் கதிர்களைக் கொத்தாகக் கட்டி நிலைப்படியில் தொங்கவிட்டுக் கும்பிட்டேன். பக்கத்து வயல் செல்வி அக்காவுக்கும் அந்த வயல் நெல்லையே விதைக்குக் கொடுத்தேன்.

அடுத்த ஆவணியில் வந்த வேளாண்மை அலுவலர் கொத்திலிருந்து ஓர் உருண்டையைத் தேய்த்தார். விரலெல்லாம் கரும்பச்சைப் பொடி.

"பூஞ்சாணம்ங்க இது. நெல்மணியத் தின்னுட்டு உருண்டிருக்கு. விதைக்கு எடுத்துடாதீங்க."

அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"நேத்துத்தானே நாத்து விட்டேன்" என்றவள், நாற்றங்கால் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "மறைக்காம வந்து சொன்னியே. கதிர் வரட்டும், பாப்போம்" என்றாள்.

அறுவடைவரை தினமும் அவள் வரப்பில் நின்று கதிர் கதிராகத் தேடினேன். ஒரு மஞ்சள் உருண்டைகூட வரவில்லை. ஆனாலும் இன்றுவரை, வயலில் மஞ்சளாக எதைக் கண்டாலும், கும்பிடுவதற்கு முன் தேய்த்துப் பார்க்கிறேன்.