பிள்ளைகளை அழைக்க அம்மன் தந்த பேச்சு

என் இரண்டு பிள்ளைகளும் தங்கள் தகப்பன் நாட்டுக்கு அந்நியர்களாகப் பிறந்தார்கள். அதற்குக் காரணம் நான்தான். கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை, முறைப்படி செய்ததுதான். ஆனாலும் அந்த ஒரு காரியத்துக்காக இருபது வருடம் அழுதிருக்கிறேன்.

மாரியம்மன் கோயில் வெள்ளிக்கிழமைப் பூஜைக்கு வரும் அக்காமார்களுக்கும் தங்கச்சிமார்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் நாலாம் வகுப்புவரைதான் படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊர் அறந்தாங்கிப் பக்கம். இருபத்தைந்து வயதில் மலேசியாவில், லூனாஸில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். கப்பலையே பார்க்காதவள் விமானம் ஏறி வந்தேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே பார்ப்பார்கள். மாமியாரும் அதையே சொன்னார். ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து ஊருக்கு அனுப்பினார்கள். மகள் பூங்கோதை அங்கே பிறந்தாள். இரண்டாவதற்கும் போனேன். இளங்கோ பிறந்தான். வெளிநாட்டில் பிறந்த பிள்ளையைத் தகப்பன் ஒரு வருடத்துக்குள் மலேசிய அலுவலகத்தில் பதிய வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்த பிறகு அவர், "பாத்துக்கலாம் லா" என்றார். பார்க்கவே இல்லை. பிள்ளைகள் விசாவில் வருவதும் போவதுமாக இருந்தார்கள்.

எனக்கு இங்கேயே தங்க உரிமை தரும் சிவப்பு அடையாள அட்டை கிடைத்தது. அடுத்த இரண்டு வருடத்தில் அவருக்கு வேறு ஒரு வீடு அமைந்துவிட்டது. விவாகரத்து ஆனது. அதைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. அவர் இப்போது இல்லை.

பிள்ளைகளின் விசா முடிந்தது. புதுப்பிக்க அவர் கையெழுத்து வேண்டும். போடவில்லை. "உன் பிள்ளைங்கள நீயே பாத்துக்க" என்று சொல்லி அனுப்பினார். நான் பிள்ளைகளைக் கொண்டுபோய் என் அண்ணன் வீட்டில் விட்டேன். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு நாலு. திரும்பி வந்துவிட்டேன்.

அங்கேயே இருந்திருக்கலாமே என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். அண்ணன் வீட்டில் ஏற்கெனவே ஏழு பேர். மழை பொய்த்த ஊர். நான் இங்கே வேலை செய்து அனுப்பினால்தான் அங்கே அடுப்பு எரியும். இன்னொன்றும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். வாழாவெட்டி என்று என் ஊரில் ஒருவர் சொல்லக் கேட்க என்னால் முடியாது.

புக்கிட் செலம்பாவில் ஒரு மலாய்க்காரருடைய ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் வேலை கிடைத்தது. சின்னத் தோட்டம். முதலாளியம்மாவை எல்லாரும் மாக் ஜா என்பார்கள். தோட்டத்துக்குப் பின்னால் ஒரு அறை கொடுத்தார்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வருவேன். ஒவ்வொரு தடவையும் இளங்கோ முதல் இரண்டு நாள் என் பக்கத்தில் வர மாட்டான்.

ஒருமுறை சுங்கை பட்டாணி பதிவு அலுவலகத்தில் பிள்ளைகளை அழைக்க வழி விசாரித்தேன். கூட வந்தவர் ராஜம்மா அக்கா. பாக்கார் ஆராங்கில் மகன் வீட்டில் இருப்பவர், எனக்குக் கூடப்பிறக்காத அக்கா. கவுண்டரில் இருந்த பெண் நல்லவிதமாகவே சொன்னாள். மனைவி என்ற முறையில் குடியுரிமை கேட்கும் வழி விவாகரத்தோடு முடிந்துபோனது. இனி நான் தனி ஆளாகத்தான் கேட்க வேண்டும். அதற்குப் பத்து வருடம் இங்கே குடியிருந்திருக்க வேண்டும், மலாய்மொழி பேசத் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு ஒரு தேர்வு உண்டு. நான் குடிமகள் ஆகிவிட்டால் யார் கையெழுத்தும் வேண்டாம். தாய் என்று நானே மனுப் போட்டுப் பிள்ளைகளுக்குக் கேட்கலாம். ஆனால் பிள்ளைக்கு இருபத்தொன்று முடிவதற்குள் மனு வந்து சேர வேண்டும்.

அன்றைக்கு மனதில் எழுதிக்கொண்டேன். பூங்கோதைக்கு இருபத்தொன்று.

காத்திருந்து மனுப் போட்டேன். தேர்வுக்குக் கடிதம் வந்தபோது மகளுக்குப் பதினேழு முடிந்திருந்தது. தீபாவளி கழிந்த வாரம். சின்ன அறை, மேசைக்குப் பின்னால் இரண்டு ஆண்கள், ஒரு பெண். பெயர் கேட்டார்கள். எங்கே வேலை என்று கேட்டார்கள். எல்லாம் எனக்குப் புரிந்தது. பதிலும் தெரியும். ஆனால் எங்கள் ஊரில் ஆம்பிளைகள் முன்னால் குனிந்த தலையோடு நிற்பதுதான் மரியாதை என்று வளர்த்தார்கள். அதிகாரி என்றால் கேட்கவே வேண்டாம். நான் தரையைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினேன். ஆம் என்றாலும் ஆட்டினேன், இல்லை என்றாலும் ஆட்டினேன். ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். மலாய் தெரியவில்லை என்று முடிவு வந்தது.

வெளியே ராஜம்மா அக்கா காத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"ஏண்டி, வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த? அவங்க கேக்குறாங்க, நீ பூம்பூம் மாடு மாதிரி மண்டைய ஆட்டிட்டு வந்திருக்க."

"பயமா இருந்துச்சுக்கா."

"எதுக்குப் பயம்? கடிச்சா தின்னுடுவாங்க? மரியாதையாம் லா மரியாதை. உன் மரியாதைய வச்சு உன் மவ இங்க வந்துருவாளா?"

அந்த வாரம் மகளுக்குப் போன் போட்டுத் தோற்றுப்போனதைச் சொன்னேன். அவள் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

"பரவால்லம்மா. தம்பியயாவது கூப்பிட்டுக்க. எனக்கு வயசு தாண்டிரும். நீ எனக்குப் போன்ல வர்ற அம்மாதான, அப்படியே இருந்துக்கலாம்."

அன்றைக்கு நான் செத்திருக்க வேண்டும். தோட்டத்தில் பால் பிடிக்கும் மங்கு கழுவுகிற இடத்தில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது.

அடுத்த வெள்ளிக்கிழமை நம் அம்மன் முன்னால் நின்றேன். அதுவரை என்னென்னவோ கேட்டிருக்கிறேன். கடிதம் சீக்கிரம் வர வேண்டும், அவர் மனம் மாற வேண்டும், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரக் கூடாது என்று. அன்றைக்கு ஒன்றுதான் கேட்டேன். தாயே, எனக்கு வாயைக் கொடு. வேறொன்றும் வேண்டாம்.

கண் நோவுக்குக் கண் தகடு, கால் நோவுக்குக் கால் தகடு வாங்கி அம்மனுக்குச் செலுத்துவோம் இல்லையா. நான் சுங்கை பட்டாணியில் பூஜைச் சாமான் கடைக்குப் போய் வாய்த் தகடு கேட்டேன். கடைக்காரர் டப்பாவைக் கவிழ்த்துத் தேடினார்.

"கண்ணு இருக்கு, கை இருக்கு, வயிறுகூட இருக்குக்கா. வாய் கேட்டு இதுவரைக்கும் ஒருத்தரும் வந்ததில்லயே. யாருக்கு, பேச்சு வராத பிள்ளையா?"

"எனக்குத்தான் தம்பி."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு ஒரு முகத் தகட்டை எடுத்துக் கொடுத்தார். "இதுல வாயும் சேந்துதான் இருக்கு. எடுத்துக்கங்க. அம்மனுக்குப் புரியும்."

அம்மனுக்குப் புரிந்தது. எப்படி என்று சொல்கிறேன்.

அதை உண்டியலில் போட்ட மறுநாள் மாக் ஜா என் அறைக்கு வந்தார். தேர்வில் தோற்றது எப்படியோ அவர் காதுக்குப் போயிருக்கிறது. அவர் மலாயில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன். "பதினோரு வருஷமா எங்கிட்ட ஆமா, இல்லன்னு ரெண்டே வார்த்தைதான் பேசுற. மரத்துகிட்டயாவது பேசுறியா? மரம் உனக்கு ஐசி அட்டை குடுக்குமா?" என்றார். சனிக்கிழமைச் சந்தையில் அவர் பெத்தாய் என்ற அவரை மாதிரிக் காயும் வாழைப்பழமும் விற்பார். என்னைக் கூடக் கூட்டிப்போய்க் கூடைகளுக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு, "கழிவறைக்குப் போயிட்டு வர்றேன்" என்று போனவர்தான். ஒரு மணி நேரம் வரவில்லை. எதிர்க்கடையில் காப்பி குடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆட்கள் வந்து கேட்டார்கள். முதலில் விரலைக் காட்டினேன். ஒரு கிழவர் பெத்தாயை முகர்ந்து பார்த்துவிட்டு இது பழசு என்றார். அன்று விடியற்காலை நான் என் கையால் கட்டிய பெத்தாய் அது. என்னை அறியாமல், இல்லை, இன்றைக்குப் பறித்தது என்று மலாயில் சொல்லிவிட்டேன். அவர் வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம், ஒரு சனிக்கிழமை விடாமல் போனேன். மாக் ஜா எனக்காகத் தன் தொழுகையிலும் கேட்டுக்கொண்டார். அதை அவரே சொன்னார். என் அம்மன் அவர் மூலமாகத்தான் வந்தாள் என்று நம்புகிறேன்.

இரண்டாவது கடிதம் வந்தது. மகளுக்குப் பத்தொன்பது முடியப்போகிறது. ஐம்பது கேள்விக்குப் பதிலை மலாயில், தமிழ் எழுத்தில், ஒரு நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தேன். முதல் பிரதமர் யார், கொடியில் எத்தனை கோடு, எல்லாம். தேர்வறையில் நாற்காலியில் உட்கார்ந்ததும் அத்தனையும் மறந்துபோனது. மனதுக்குள் அம்மா என்று ஒரு தடவை கூப்பிட்டேன்.

எதிரில் இருந்த அதிகாரி நோட்டில் இருந்த ஒன்றையும் கேட்கவில்லை. என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். பால் வெட்டுகிறேன் என்றேன். சொல்லுங்கள், எப்படி வெட்டுவீர்கள் என்றார்.

அதற்கு எனக்கு மனப்பாடம் வேண்டுமா. மர வரிசையான நிரையில் நடப்பதிலிருந்து தொடங்கினேன். பழைய வெட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்து எடுப்பது, கத்தியைச் சாய்த்துப் பிடிப்பது, பட்டைக்கு உள்ளே மரத்தின் சதையில் கத்தி படாமல் இழுப்பது, மழை வந்தால் மங்கைக் கவிழ்ப்பது. எப்போது நிமிர்ந்து பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் சிரித்தபடி, என் அப்பாவும் பாலிங் ஊரில் வெட்டியவர்தான், அவர் தினமும் வெட்டுவார் என்றார்.

நான் அவரை மறுத்துப் பேசினேன். ஒரு அதிகாரியை. "தாக் போலே, என்சே. போக்கோ மாத்தி." கூடாது ஐயா, மரம் செத்துப்போகும் என்று. ஒரு நாள் வெட்டினால் ஒரு நாள் மரத்துக்கு ஓய்வு விட வேண்டும் என்று கையை நீட்டிச் சொன்னேன். உங்கள் அப்பா மரம் எத்தனை வருடம் பால் கொடுத்தது என்று திருப்பியும் கேட்டுவிட்டேன்.

அவர் பக்கத்தில் இருந்த அதிகாரியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். அதிகாரி, சீக்கிரமே வறண்டுபோனது, நீங்கள் சொல்வது சரிதான் என்றார். அப்புறம் ஏதோ எழுதினார்.

ராஜம்மா அக்கா வாசலில் எழுந்து நின்றார். "என்ன லா, இன்னிக்கும் மண்டையாட்டமா?"

"சண்ட போட்டுட்டேன்க்கா."

அக்கா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

தேறிவிட்டேன். குடியுரிமைக் கடிதம் வர இன்னும் காலம் ஆனது. ஒவ்வொரு மாதமும் மகளின் வயதை விரல்விட்டு எண்ணினேன். கடிதம் வந்த அன்று அவளுக்கு இருபது வயதும் ஐந்து மாதமும். உறுதிமொழி எடுத்து முடித்த அந்த வாரமே இரண்டு பிள்ளைகளுக்கும் மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மனுப் பாரத்தில் தகப்பன் கையெழுத்து எங்கே என்று கவுண்டரில் கேட்டார்கள். "நான் தாய். நான் குடிமகள். நான் போடுகிறேன்" என்றேன். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. பக்கத்து வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிள்ளைகள் முதலில் விசாவில் வந்தார்கள். பினாங்கு விமான நிலையத்தில் ஒரு பெட்டி வந்து சேரவில்லை. நான் நேராகப் போய் அங்கே இருந்தவரிடம் நிறம், அளவு, கட்டியிருந்த கயிறு எல்லாம் சொல்லி எழுதிக்கொள்ள வைத்தேன். திரும்பிப் பார்த்தால் பூங்கோதை என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"நீ இவ்ளோ பேசுவியாம்மா?"

"பேசுவேன்" என்றேன். அப்போதுதான் இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டேன். மகனின் தோளுக்குத்தான் என் தலை எட்டியது.

குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை அவர்களுக்கு வர மூன்று வருடம் ஆனது. வந்தது. மகள் இப்போது கூலிமில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மகன் சொந்தமாக ஏர்கோன் குளிர்சாதனம் பழுது பார்க்கும் தொழில் செய்கிறான். இளங்கோ இன்றைக்கும் கோபம் வந்தால், சின்ன வயதில் விட்டுட்டுப் போனதானே என்பான். சோற்றைப் போட்டு வைப்பேன். கொஞ்ச நேரத்தில் வந்து உட்கார்ந்து சாப்பிடுவான்.

போன தேர்தலில் மூன்று பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டோம். வெளியே வந்து மூன்று மை விரலையும் சேர்த்து வைத்து மகள் படம் எடுத்தாள். பெருமை எல்லாம் அம்மனையே சேர வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவளுக்குக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் எனக்கும் வைத்துக்கொண்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

நம் கோயிலுக்கு வருகிறவர்களில் சிவப்பு அட்டையோடு இருப்பவர்கள் உண்டு. பிள்ளைக்குக் குடியுரிமைப் பத்திரம் இல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருப்பவர்களும் உண்டு. எனக்குத் தெரியும், முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தங்கச்சிமாரே, அம்மனிடம் கேளுங்கள். என்ன வேண்டும் என்று அந்த ஒன்றை மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம். திங்கட்கிழமை காலையில் மனுப் பாரத்தை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் நான் கூட வருகிறேன். இதுவரை ஏழு பேரோடு போயிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் பின்பக்கம் பாத்திரம் கழுவுகிற குழாயடியில் இருப்பேன். வந்து பக்கத்தில் நில்லுங்கள், போதும். முதலில் நானே பேசுகிறேன்.